பன்னிரண்டு குதிரையும் ஒரு லாடக்காரரும்

காயல்பட்டினம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு முத்து ஞாபகம் வருகிறது. சரித்திரம் படித்தவர்களுக்கு மார்க்கோ போலோ ஞாபகம் வருகிறார். ஒரு தடவையாவது எங்கள் ஊர்க் கல்யாணத்துக்கு வந்து களரிச் சாப்பாடு சாப்பிட்டுப் போனவர்களுக்கு அதற்கப்புறம் வேறு எதுவுமே ஞாபகம் வருவதில்லை. இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊர் வழக்கப்படி பெண் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போய் இருபது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிற எனக்கோ முதலில் ஞாபகம் வருவது துருதான்.

கிழக்கே கடல், பக்கத்து ஆறுமுகநேரியில் உப்பளம். காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் கையோடு கொஞ்சம் உப்பைக் கொண்டுவந்து விடுகிறது. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், என் பேனாவின் கிளிப் எல்லாவற்றுக்கும் அது பங்கு வைக்கிறது. புதிதாகப் போட்ட கதவுக் கீல் இரண்டாவது மழைக்காலத்தில் முனகத் தொடங்கும். முத்தைப் பற்றி எழுதாமல் துருவைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்காதீர்கள். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961ஆம் வருஷத்தோடு நின்றுவிட்டது. நான் பிறந்ததோ அதற்கு வெகுகாலம் கழித்து. நான் கண்ணால் கண்டதைத்தானே எழுத வேண்டும்?

மார்க்கோ போலோ விஷயத்துக்கு வருகிறேன். 1292 வாக்கில் அவர் இந்தக் கரைக்கு வந்தபோது காயல் பெரிய துறைமுகம். (அவர் பார்த்த காயல் இதுவல்ல, தாமிரபரணி முகத்திலுள்ள பழையகாயல்தான் என்று கால்டுவெல் பாதிரியார் சொன்னார். எங்கள் ஊரில் யாரும் அதை ஒப்புக்கொள்வதில்லை.) ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் மரக்கலங்களில் குதிரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின. பாண்டிய ராஜா விலையைப் பார்க்காமல் வாங்கினார். வாங்கிய குதிரைகளுக்கு இங்கே சோறும் கறியும் வேக வைத்துப் போட்டார்களாம். அவை வருஷத்துக்குள் செத்து விழுந்தன. ஏன்? குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவன், லாடம் அடிக்கத் தெரிந்தவன், இந்தப் பக்கத்திலேயே இல்லை. அப்படிப்பட்ட ஒருவனும் இங்கே வந்து சேராதபடி வியாபாரிகள் கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள் என்று போலோ எழுதுகிறார். செத்தால்தானே அடுத்த வருஷமும் விற்கலாம்!

எழுநூறு வருஷத்துக்கு முந்தைய இந்தச் சமாசாரத்தை இப்போது எடுத்ததற்குக் காரணம், என் மாமனாரிடம் பன்னிரண்டு குதிரைகள் இருந்தன. பன்னிரண்டும் ஒரே இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டிருந்தன. கேரளத்தில் அத்தாணியிலிருக்கிற காம்கோ தொழிற்சாலையில் செய்த பவர் டில்லர். குபோட்டா என்ற ஜப்பான் கம்பெனியின் வழியில் செய்தது.

பவர் டில்லர் என்றால் பட்டணத்து வாசகர்களுக்குத் தெரியாமலிருக்கலாம். டிராக்டருக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே சக்கரம். முன்னால் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின்; பின்னால் மண்ணைக் கிளறும் கத்திகள்; அதற்கும் பின்னால் நீளமான இரண்டு கைப்பிடிகள்; அவற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க ஒரு மனிதர். சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறலாம் என்று 1912இல் ஆஸ்திரேலியாவில் கில்காண்ட்ரா என்ற ஊர்ப் பண்ணையில் சோதனை செய்து பார்த்தவர் ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் என்ற இளைஞர். அந்த யோசனை யுத்தத்துக்குப் பின் ஜப்பானின் சின்னச் சின்ன வயல்களில் அமோகமாக விளைந்தது. அங்கிருந்து 1960களில் நம் நாட்டுக்கு வந்தது. பெங்களூரில் வி.எஸ்.டி. கம்பெனி 1967இல் மிட்சுபிஷியோடு கூட்டுச் சேர்ந்தது. காம்கோ 1973இல் பிறந்தது.

மாமா கொழும்பில் கடை வைத்திருந்தவர். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஒரு பெட்டியோடு ஊர் திரும்பினார். வந்தவர் திரும்பவும் கடை வைக்கவில்லை. ஆத்தூர்ச் சாலையில் வாழையும் தென்னையுமாகக் கிடந்த நாலு ஏக்கர் தோட்டத்தை வாங்கினார். அங்கே யாழ்ப்பாணத்துப் பக்கம் போகும்போதெல்லாம் லேண்ட்மாஸ்டர் என்று ஜனங்கள் சொல்லுகிற இரண்டு சக்கர டிராக்டரைப் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறார். காலையில் வயலை உழுகிறது, மத்தியானம் பெட்டி மாட்டிக்கொண்டு சந்தைக்கு வெங்காயம் ஏற்றுகிறது, சாயங்காலம் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு கோயில் திருவிழாவுக்குப் போகிறது! அந்த ஆசையில்தான் 1986இல் லாரி ஏற்றி இந்த டில்லரைக் கொண்டுவந்தார். அதை ஓட்டுவதற்கு ஆத்தூர்ப் பையன் ஒருவனை வைத்தார். அந்தப் பையனுக்கு இப்போது அறுபது வயது. இன்னும் அவர்தான் தோட்டக்காரர்.

டில்லர் ஓட்டுவதை லேசாக நினைக்கக் கூடாது. ஸ்டியரிங் கிடையாது. இடது கைப்பிடியின் கீழுள்ள பிடியை அழுத்தினால் இடது சக்கரத்துக்குப் போகிற விசை அறுந்துவிடும். வலது சக்கரம் மட்டும் ஓடுவதால் வண்டி இடப்பக்கம் திரும்பும். இது சமதரைக்கு. சரிவில் இறங்கும்போது சட்டம் தலைகீழ். அங்கே எஞ்சின்தான் வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. பிடி விட்ட சக்கரம் தன் பாட்டுக்கு உருண்டு முந்தும். இடது பிடியை அழுத்தினால் வண்டி வலப்பக்கம் பாயும். தெரியாதவன் வாய்க்கால் கரையில் இறக்கினால் வாய்க்காலில்தான் போய் நிற்பான். எங்கள் தோட்டக்காரருக்கு முப்பத்தேழு வருஷத்தில் இது கைக்குத் தெரியும். வாயால் சொல்லச் சொன்னால் குழப்பிவிடுவார்.

தோட்டத்து வேலை போக மீதி நாளில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கு டில்லரை மணிக் கணக்கில் வாடகைக்கு ஓட்டுவார். வாடகையில் டீசல் போகப் பாதி அவருக்கு. மாமா ஏற்படுத்திய வழக்கம். அவர் பெண்ணின் கல்யாணம், பையனின் பாலிடெக்னிக் எல்லாம் அந்தப் பாதியில் நடந்தவை.

2023 டிசம்பர் 17ஆம் தேதி மழை பிடித்தது. வானிலைக்காரர்கள் கணக்குப்படி ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ஒரு வருஷம் முழுக்க வர வேண்டிய மழையைவிட அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பிரயாணிகளோடு நின்றுபோன செய்தியைப் படித்திருப்பீர்கள். நாங்கள் மாடியில் இருந்தோம். தெருவில் ஒரு கட்டில் மிதந்து போனதைப் பார்த்தேன். அந்த நாட்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் நேரே தோட்டத்துக்குப் போய்விடுகிறேன்.

நாங்கள் போய்ச் சேர ஒரு வாரம் ஆயிற்று. வாழை முழுவதும் படுத்துவிட்டது. தோட்டமெங்கும் முழங்கால் உயரத்துக்கு வண்டல். கொட்டகையின் கூரை இல்லை. டில்லர் மூக்குவரை சேற்றில் புதைந்து, கைப்பிடி இரண்டையும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தோட்டக்காரர் அதற்கு முன்னால் குந்தியிருந்தார். அவர் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

துபாயிலிருந்து மச்சான் தினமும் போன் செய்தான். அவன் அபிப்பிராயம் தெளிவானது: டில்லரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும், தோட்டத்தை மனை போட்டு விற்றுவிட வேண்டும். "வாப்பாவுக்கு எண்பத்தஞ்சு வயசாச்சு. நீங்க கதை எழுதுவீங்களா, வாழைக்குத் தண்ணி பாய்ச்சுவீங்களா, மச்சான்?" என்றான். நியாயமான கேள்விதான். புது டில்லருக்கு லட்சக் கணக்கில் வேண்டும். அரசாங்க மானியம் போனாலும் மிச்சம் நம் தலையில். இரும்புக்காரர் வந்து பார்த்து ஒரு விலை சொன்னார். அதே வாரம் தோட்டக்காரர் உப்பளத்தில் கூலிக்குப் போகத் தொடங்கினார். அறுபது வயதில், உச்சி வெயிலில், உப்பு வாருகிற வேலை. டில்லர் போய்விட்டால் அவர் திரும்பி வரப் போவதில்லை. அவர் வராவிட்டால் தோட்டமும் இல்லை.

மாமாவுக்கு முட்டி மடங்காது. தோட்டம் வரை போக முடியாது. அன்று ராத்திரி என்னைக் கூப்பிட்டு, "மாப்ள, யாராச்சும் கிறுக்குத்தனமா ஹாண்டில் போட்டுச் சுத்திப் பாத்தாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப உசுரு இருக்கு. தொட விடாதீங்க. ஆத்தூர் அண்ணாச்சிய வரச் சொல்லுங்க."

கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்த எனக்கு அதன் பொருள் பாதிதான் விளங்கியது. மீதியை மெக்கானிக் அண்ணாச்சி விளக்கினார். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பலமாகச் சுற்றினால் பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டும், தண்ணீர் விட்டுக்கொடுக்காது, கனெக்டிங் ராடு வளைந்துபோகும். வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சின்களில் பாதி வெள்ளத்தால் சாவதில்லை, மறுநாள் ஆவலோடு ஸ்டார்ட் செய்து பார்க்கிறவர்களால் சாகின்றன என்றார் அவர்.

அண்ணாச்சிக்கு எழுபதை நெருங்குகிற வயது. ஒல்லியான மனிதர். மூக்குக் கண்ணாடியின் ஒரு காது நூலால் கட்டப்பட்டது. டில்லரைச் சுற்றி மூன்று தடவை நடந்தார். "பாய், ரெண்டு மாசம் ஆகும். நடுவுல என்னய அவசரப்படுத்தப்பிடாது. ரூவாய அப்பப்ப வாங்கிக்கிடுதேன். சம்மதம்னா சொல்லுங்க" என்றார். சம்மதம் என்றேன். மச்சானிடம் ரிப்பேர் என்று மட்டும் சொன்னேன். ரெண்டு மாசம் என்று சொல்லவில்லை.

முதலில் கழுவினார். கழுவினார் என்றால் நாலு நாள் கழுவினார். வண்டல் காய்ந்து சிமெண்டு மாதிரி ஆகிவிட்டிருந்தது. பிறகு நாசிலைக் கழற்றி எடுத்துவிட்டு, எண்ணெய் அடைப்பைத் திறந்தார். வந்தது எண்ணெயல்ல, பால் காப்பி. எண்ணெயும் தண்ணீரும் கலந்தால் அந்த நிறம்தான் வருமாம். கியர் பெட்டியிலும் அதே காப்பி. டீசல் ஊற்றி அலசி, வடித்து, மறுபடி ஊற்றி, மூன்றாம் தடவை தெளிந்து வந்தபோதுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. காற்று வடிகட்டிக்குள் ஒரு நண்டு உயிரோடு இருந்தது. அதை வாய்க்காலில் விட்டுவிட்டு வந்து, "குடியிருந்தவன காலி பண்ணியாச்சு" என்றார்.

பிஸ்டன் அசையவில்லை. உப்புத் தண்ணீர் ஒரு வாரத்துக்குள் ரிங்குகளை லைனரோடு ஒட்டவைத்திருந்தது. ஹெட்டைக் கழற்றி, டீசலும் எஞ்சின் எண்ணெயும் கலந்து சிலிண்டரில் ஊற்றிவிட்டு, துணி போட்டு மூடிவிட்டுப் போய்விட்டார். பத்து நாள் அதைத் தொடவில்லை. வருவார், துணியைத் தூக்கிப் பார்ப்பார், கொஞ்சம் ஊற்றுவார், டீ குடிப்பார், போய்விடுவார். பதினோராம் நாள் புன்னை மரக் கட்டை ஒன்றை வைத்து மெல்லத் தட்டினார். சுத்தியலை ஓங்கவே இல்லை. இருபதாவது தட்டலோ முப்பதாவது தட்டலோ, 'டொக்' என்று ஒரு சத்தம். ஒரு நூலளவு இறங்கியது. அண்ணாச்சி பீடியைப் பற்றவைத்தார். அன்றைக்கு அவ்வளவுதான் வேலை.

லைனரில் துரு தின்ற குழிகள் இருந்தன. ஆகவே லைனர், பிஸ்டன், ரிங்கு மூன்றும் புதிது. காம்கோ இன்னும் நடக்கிற தொழிற்சாலை, பாகங்கள் கிடைக்கும். ஆனால் அண்ணாச்சி வழக்கமாக வாங்குகிற கடைக்காரர் பஸ்ஸில் போட்டு அனுப்பிய பார்சலில் ரிங்கு செட் மட்டும் அவர் கண்ணுக்குச் சரியாகப் படவில்லை. அட்டைப் பெட்டி அசல் மாதிரியே இருந்தது. எழுத்துக் கூட அசல்தான். ஒரு ரிங்கை எடுத்துத் தனியே லைனருக்குள் இறக்கி, பிஸ்டனின் தலையால் தள்ளி நேராக்கினார். ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவில் அரை மில்லிமீட்டருக்குக் குறைவாகத்தான் இடைவெளி இருக்க வேண்டுமாம். மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார். எல்லாத் தகடும் தாராளமாகப் போயிற்று. பிறகு லைனரைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். ரிங்கைச் சுற்றிப் பிறை மாதிரி வெளிச்சம் தெரிந்தது.

"இத மாட்டினா ஓடும், பாய். நாலு மாசம் ஓடும். அப்புறம் எண்ணெயக் குடிக்கும், பொகை விடும். அப்ப நீங்க யாரச் சொல்லுவிய? அண்ணாச்சி மாட்டுனது சரியில்லன்னுதான சொல்லுவிய?"

மார்க்கோ போலோவின் குதிரை வியாபாரிகள் வம்சம் அற்றுப்போகவில்லை என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. போலோ கதையை அண்ணாச்சிக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். குதிரைக்குக் கறிச்சோறு போட்டார்கள் என்ற இடத்தில் மட்டும், "டீசல் வண்டிக்கு மண்ணெண்ணெ ஊத்துத மாதிரி" என்றார். ரிங்கு செட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, தன் மருமகனை ரயிலேற்றிக் கேரளத்துக்கே அனுப்பி அசலை வாங்கி வரச் செய்தார். ரயில் சார்ஜை என் கணக்கில் எழுதவில்லை. நான் கேட்டபோது, "அவன் ஆலுவாயில ஒரு கல்யாணத்துக்குப் போனான்" என்று சொல்லிவிட்டார். கல்யாணம் உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ரிங்குகளை மாட்டும்போது அவற்றின் வாய்கள் ஒரே கோட்டில் வரக் கூடாது. ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று சுற்றிலும் விலக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தம் வரிசையாக எல்லா வாசலிலும் புகுந்து கீழே போய்விடும். எங்கள் தெருவில் பெண்கள் போவதற்கென்று வீடுகளுக்குப் பின்னால் சந்துகள் உண்டு. ஒரு வீட்டுக் கொல்லை வாசல் அடுத்த வீட்டு வாசலுக்கு நேரே இருக்காது. அதே தத்துவம்தான் என்று என் மனைவியிடம் சொன்னேன். "எஞ்சினைப் பார்த்துக்கூடத் தெருவைத்தான் நினைப்பீங்களா?" என்றாள்.

ராத்திரி தோறும் மாமாவுக்கு அறிக்கை வாசிக்க வேண்டும். எந்த பேரிங் மாற்றியாயிற்று, எந்த ஆயில் சீல், கத்திகள் எத்தனை தேறின. கத்தி விஷயத்தில் அவர் கெடுபிடி. இடக் கத்தி, வலக் கத்தி என்று இரண்டு ஜாதி. முனை வளைந்திருக்கிற திசைதான் வித்தியாசம். மாற்றி மாட்டினால் மண்ணெல்லாம் ஒரு பக்கமாகக் குவியும், வண்டி தவளை மாதிரி குதிக்கும். "ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்தீங்களா, மாப்ள?" எண்ணினேன் என்றேன். திரும்ப எண்ணச் சொன்னார். மறுநாள் போய்த் திரும்பவும் எண்ணினேன்.

மார்ச் மாதம் முதல் வாரம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் எல்லாம் முடிந்தது. தோட்டக்காரர் உப்பளத்திலிருந்து நேரே வந்தார். அவருடைய உள்ளங்கால்களில் வெடிப்பு. அண்ணாச்சி டீசல் குழாயின் திருகை லேசாகத் தளர்த்தினார். நுரை நுரையாகக் காற்று வந்தது, பிறகு குமிழி, பிறகு சுத்தமான டீசல். திருகை இறுக்கினார். "நீரே போடும்" என்று தோட்டக்காரரிடம் ஹாண்டிலைக் கொடுத்தார். அவர் இடது கையால் அழுத்தத்தைத் திறந்துவிடுகிற நெம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் சுற்றினார். ஒன்று, இரண்டு, வேகம் பிடித்ததும் நெம்பை விட்டார். இருமியது. நின்றது. மறுபடி. மூன்றாம் தடவை கரும்புகை ஒரு மொத்தை கிளம்பி, பட், பட், பட் என்று பிடித்துக்கொண்டது.

நான் மாமாவுக்கு போன் போட்டு, கைப்பேசியை எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்தேன். ஒரு நிமிஷம் இருக்கும். எடுத்துக் காதில் வைத்தால் பேச்சே இல்லை. மனிதர் உருகிப்போய்விட்டார் என்று நினைத்தேன். கடைசியில் சொன்னார்: "மூணு பெல்ட்ல ஒண்ணு தளர்வா அடிக்குது. அண்ணாச்சிட்டச் சொல்லுங்க."

சொன்னேன். அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. எஞ்சினை நிறுத்தி, மூன்று பெல்ட்டையும் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். நடு பெல்ட்டை இரண்டு தரம் அழுத்தினார். அதைக் கழற்றி எண்ணைப் படித்தார். மூன்றும் ஒரே ஜோடியாக வந்ததல்ல; அது மட்டும் வேறு தொகுதி, ஒரு மயிரிழை நீளம். ஒன்றும் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் புது செட்டோடு வந்தார்.

வண்டலில் டில்லர் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது என்று எழுதினால் பொய். வெள்ளம் ஊரிலிருந்ததையெல்லாம் கொண்டுவந்து அங்கே புதைத்திருந்தது. பத்தடிக்கு ஒரு தரம் கத்தியில் ஏதாவது மாட்டும். நிறுத்தி எடுக்க வேண்டும். சேலைத் துண்டு, செருப்பு, ஜியோமிதிப் பெட்டி, தேங்காய் மட்டை, ஒரு கதவின் தாழ்ப்பாள். நாலு நாளில் ஒரு ஏக்கர்தான் முடிந்தது. தோட்டக்காரர் உப்பளத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். ஏப்ரலில் ஏத்தன் வாழைக் கன்று வைத்தோம். மச்சான் மனை யோசனையை விடவில்லை. இந்த வருஷம் ஊருக்கு வரும்போது பேசலாம் என்றிருக்கிறான். அண்ணாச்சியின் பில் இரும்புக்காரர் சொன்ன விலையைப் போல மூன்று பங்கு. அதை அவனுக்கு இன்னும் தெரிவிக்கவில்லை.

இரண்டாவது ஏக்கரில் ஒரு எவர்சில்வர் குடம் வந்தது. கத்தி பட்டு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. தோட்டக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு, அதை வாய்க்காலுக்குக் கொண்டுபோய் மணல் போட்டுத் தேய்த்தார். கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. கல்யாணத் தேதியும் இருந்தது. ஆத்தூரிலும் முக்காணியிலும் விசாரித்தார். அந்தப் பெயரில் யாரும் அகப்படவில்லை. இப்போது புதுக் கொட்டகையின் ஆணியில் அது தொங்குகிறது. எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற அதை எடுக்கலாமே என்று நான் ஒரு நாள் கேட்டேன். "சொந்தக்காரவுக வருவாக" என்று சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் வாளியை எடுத்துக்கொண்டு போனார்.